ஊர்க்காடு யாருடையது? கோயில் காடும் மலைப்பாதையும் நிலைக்கும் விதம்

மழைக்காலம் தொடங்கியதும் செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றில் மரக்கன்று நடும் விழா நடக்கிறது. கன்றைச் சுற்றி நாலு பேர் குனிந்து நிற்கப் புகைப்படம் எடுக்கப்படுகிறது. பங்குனி வெயில் வரும்போது அந்தக் குழியில் ஆட்டுப் புழுக்கைதான் கிடக்கிறது. "ஊர் சேர்ந்து காட்டைக் காக்கிறது" என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த விழாவையோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் குப்பை பொறுக்குவதையோதான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். இன்னொரு சாரார், "அந்தக் காலத்தில் சாமிக்குப் பயந்தார்கள், காடு இருந்தது, பயம் போயிற்று, காடும் போயிற்று" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் ஊர்க் காவல் என்பது உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அதைப் பழகிய இடத்திலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

பங்காளி வீட்டுக் கணக்கு

செட்டிநாட்டில் வளர்ந்தவருக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய வீடு ஒன்று போதும். பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குச் சொந்தமான வீடு. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது, அறைகள் மட்டும் தனித்தனி. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் ஊரிலேயே. ஒரே தெருவில் இப்படிப்பட்ட இரண்டு வீடுகளைப் பார்க்கலாம். ஒன்றில் நாட்டு ஓடு சரிந்து, மழை இறங்கி, பர்மா தேக்கு உத்திரம் உளுத்துப்போயிருக்கும். மற்றொன்றில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இன்றும் முகம் பார்க்கும்படி இருக்கும். முதல் வீட்டுப் பங்காளிகளுக்கு வீட்டின் மேல் பாசம் குறைவு என்றோ, பணம் இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. இரண்டாவது வீட்டில் யார் யார் பங்காளி என்பது தெளிவு. ஆளுக்கு எவ்வளவு என்பது தெளிவு. சாவி ஒருவரிடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு வீட்டை எடுப்பவர் வெள்ளையடித்துத் திருப்பித் தரவேண்டும். தராதவருக்கு அடுத்த முறை சாவி எளிதில் கிடைக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் மரபில் 'புள்ளி' என்றொரு கணக்கு உண்டு. திருமணமாகித் தங்கள் நகரக் கோயிலில் பதிவான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. யார் உள்ளே, யார் வெளியே, உள்ளே இருப்பவர் என்ன தரவேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒரு சொல்லில் விடை இருக்கிறது.

இனி இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பலரும் எடுத்துப் பயன்படுத்துவதும், ஒருவர் எடுத்தால் அடுத்தவருக்குக் குறைவதும், ஆளை வேலி போட்டுத் தடுப்பது கடினமாக இருப்பதுமான வளம் 'பொதுவளம்'; கண்மாய், மேய்ச்சல் பொட்டல், காடு எல்லாம் இதில் சேரும். அதே வளத்துக்கு எடுப்பது பற்றிய விதியும் கேட்பதற்கு ஆளும் இல்லாமல் போனால், அது 'கேட்பாரற்ற வளம்'. நம் பேச்சில் இவை இரண்டும் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. குடியிருப்புக்கும் சாகுபடிக்கும் வெளியே பொதுப் பயனுக்காக ஒதுக்கப்பட்ட நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்ற வருவாய்த்துறைச் சொல் ஆளைத் திட்டும் சொல்லாக மாறியதே, இந்தக் குழப்பம் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும்.

கற்றவர்களும் குழம்பியதுண்டு. 1968-இல் கேரட் ஹார்டின் என்ற உயிரியலாளர், பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாடு கூடுதலாக விட, கடைசியில் நிலமே அழியும் என்று எழுதினார். அவர் வருணித்தது கேட்பாரற்ற நிலத்தை. அதைப் பொதுநிலம் முழுமைக்குமான விதியாக உலகம் எடுத்துக்கொண்டது. பல நாடுகளின் பாசன அமைப்புகள், மலைக்காடுகள், மீன்பிடிக் கரைகள் ஆகியவற்றை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம், மக்கள் தாங்களே விதி வகுத்து நெடுங்காலம் பொதுவளத்தைக் காத்து வந்திருப்பதை 1990-இல் வெளிவந்த நூலில் காட்டினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

ஆக, காட்டைக் காப்பது என்றால் முதலில் எடுப்பதை ஒழுங்குபடுத்துவது. நடுவது அதற்குப் பிறகுதான் வருகிறது.

வெள்ளைத் துண்டு உயரும்வரை

விதி என்றதும் பலகையில் எழுதிய சட்டம் நினைவுக்கு வருகிறது. ஊர் விதிகள் பெரும்பாலும் பழக்கத்துக்குள் மறைந்திருக்கும். குடிநீர் ஊருணியில் கால் கழுவக்கூடாது. குளிக்க வேறு குளம், மாடு கழுவ வேறு குளம். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. ஆனால் ஊருணிப் படியில் செருப்போடு இறங்கிய பையனை, குடத்தோடு நிற்கும் ஆச்சி என்ன சொல்லி ஏற்றுவார் என்பதை இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர் எவரும் மறக்க மாட்டார். அந்த ஆச்சிதான் காவலர். அவருக்குச் சம்பளம் இல்லை. மறுநாள் காலையில் அதே தண்ணீரைத்தான் அவர் குடிக்க வேண்டும், அது போதும்.

கோடையில் சிங்கம்புணரி, பொன்னமராவதி வட்டாரங்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைக் கவனியுங்கள். கண்மாய்க்கரையில் விடியுமுன்பே சுற்று ஊர்ச் சனம் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு கூடி நிற்கும். தண்ணீர் முழங்கால் அளவுதான். மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை உயர்த்தி வீசும்வரை ஒரு கால்கூடத் தண்ணீரில் படாது. துண்டு உயர்ந்த அடுத்த நொடியில் மொத்தக் கூட்டமும் உள்ளே. பிடித்தது அவரவர் வீட்டுக் குழம்புக்கு. வெளியாளுக்கு இது கொண்டாட்டமாகத் தெரியும். உள்ளே இருப்பது ஒரு நிர்வாக விதி. தண்ணீர் வயலுக்குத் தேவைப்படும் காலத்தில் கண்மாயைக் கலக்கக்கூடாது, மீன் வளரும்வரை எவரும் கைவைக்கக்கூடாது, வற்றும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உரிமை. எப்போது எடுக்கலாம் என்பதைப் பற்றிய விதி, எவ்வளவு எடுக்கலாம் என்பதைப் பற்றிய விதியைவிடக் காவல் செய்ய எளிது. மீனை எண்ணவேண்டியதில்லை, துண்டைப் பார்த்தால் போதும்.

கோயில் காட்டுக்குள் நடப்பது

அய்யனாருக்கோ அம்மனுக்கோ உரியதாக விடப்பட்ட மரத்தொகுதி கோயில் காடு. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் இத்தகைய காடுகள் ஏராளம். புதுக்கோட்டையை அடுத்த நமுனசமுத்திரத்தில் அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இருமருங்கும் மண்குதிரைகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

இந்தக் காடுகளில் எஞ்சியிருப்பது இந்த மண்ணுக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் துண்டுகள். ஆண்டின் பெரும்பகுதி மழையின்றி இருந்தும் முற்றாக இலை உதிர்க்காத, தடித்த சிறு இலைகளும் குட்டையான அடர்ந்த மரங்களும் கொண்ட காட்டு வகை அது. வீரை, உலக்கைப்பாலை, காயா, நாவல், அவற்றின் மேல் சூரைக்கொடி என்று பின்னிக் கிடக்கும். உயரமான மரங்களைத் தேடிப் போகிறவர் ஏமாந்து, "இது வெறும் புதர்" என்று திரும்பிவிடுவார். காரைக்குடிச் சந்தையில் பாலைப்பழம் வாங்கித் தின்பவர்களில் பலருக்கு, அது இந்தப் புதரில் காய்த்தது என்பது தெரியாது.

இயக்கம் இலைச்சருகில் தொடங்குகிறது. நம் சரளைச் செம்மண் வெயிலில் காய்ந்தால் ஓடுபோல் இறுகும். ஐப்பசி மழை அதன்மேல் விழுந்தால் உள்ளே இறங்காமல் செந்நிறமாகக் கரைந்து ஓடும். ஆனால் சருகு மூடிய தரையில் துளியின் வேகம் முதலில் இலையில் அடங்குகிறது. சருகுக்கடியில் கரையானும் மண்புழுவும் குடைந்த துளைகள் வழியே நீர் இறங்குகிறது. வேர்கள் அந்தத் துளைகளை மூடவிடாமல் பிடித்திருக்கின்றன. மழை விட்ட மறுநாள் கோயில் காட்டுக்குள் விரலால் சருகை விலக்கினால் மண் கறுத்து, பூஞ்சண வாசத்தோடு, பிட்டுப்போல உதிரும். பத்தடி தள்ளிப் பொட்டலில் அதே விரலை மண்ணில் குத்த முடியாது. காட்டின் கீழே கண்மாய் இருந்தால் அதில் வண்டல் சேர்வது குறைகிறது. சுற்றியுள்ள கிணற்றில் ஊற்றும் சற்று நாள் தாங்குகிறது.

அடுத்தது விதை. பழம் தின்ற சின்னானும் குயிலும் வவ்வாலும் கிளையில் அமர்ந்து எச்சமிடுகின்றன. விதை நிழலில், ஈரச் சருகில் விழுந்து முளைக்கிறது. கன்றை எவரும் நடுவதில்லை. நடவேண்டிய தேவை எழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஊரின் வேலை.

இங்கே ஊரின் பழைய தடைகளை மறுபடி படிக்கலாம். காட்டுக்குள் அரிவாள் கொண்டுபோகக்கூடாது, சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுக்கக்கூடாது, செருப்பைக் கழற்ற வேண்டும் என்பவை பல ஊர்களில் வழக்கம். சுள்ளி எடுக்கவில்லை என்றால் சருகும் மட்கும் தரையிலேயே நிற்கும். சாமி பயம் இந்த விதிக்குக் காவலர் வேலை பார்த்தது; விதியின் உள்ளடக்கம் மண்ணைப் பற்றியது. அதனால்தான் பயம் மட்டும் எஞ்சி விதி மறந்துபோன இடங்களில் காடு பக்தியாலேயே அழிகிறது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் வெளிநாட்டுப் பணத்தில் அய்யனார் கோயிலுக்குத் திருப்பணி நடந்தது. தகரக் கொட்டகை போட்டார்கள், சிமெண்ட் தளம் பாவினார்கள், கார் நிறுத்த இடம் வேண்டும் என்று புதரை இயந்திரம் விட்டு வழித்தார்கள். பெரிய மரங்களை வெட்டவில்லை என்று பெருமையாகவும் சொன்னார்கள். கீழே கன்று எழ இடமில்லாத காடு, கிழவர்கள் மட்டும் குடியிருக்கும் ஊரைப் போன்றது. அதை அப்போது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இதுவரை பார்த்ததில் காட்டைக் காப்பது என்பது தரையைக் காப்பது. தரையைக் காக்க எடுப்பதற்கு விதி வேண்டும். விதியை நிறைவேற்ற ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

ஒற்றையடிப் பாதை அகலமாவது ஏன்

காட்டுக்குள்ளும் மலைமேலும் செல்லும் நடைபாதைக்கும் இதே கணக்குத்தான், ஆனால் கெடும் விதம் வேறு. பாரியின் பறம்பு மலை என்று அடையாளம் காணப்படும் பிரான்மலை செட்டிநாட்டின் மேற்கு ஓரத்தில் நிற்கிறது. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. இரண்டு சமயத்தாரும் நெடுங்காலமாக ஏறி இறங்கும் மலை. இப்படிப் பலரும் நடக்கும் எந்த மலையிலும், படிக்கட்டு இல்லாத பகுதிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கால் பட்ட இடத்தில் மண்ணுக்குள் இருக்கும் சிறு துளைகள் நசுங்குகின்றன. இதற்கு 'மண் இறுக்கம்' என்று பெயர். இறுகிய மண்ணில் நீர் இறங்காது, மேலேயே ஓடும். பாதை சுற்றுப்புறத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதால் அக்கம்பக்கத்து நீரும் அதற்குள் வந்து சேரும். அவ்வளவுதான், பாதை ஓடையாகிவிட்டது. ஓடையில் மண் அரித்து வேரும் கல்லும் தலைநீட்டும். கால் இடறுகிறது என்று அடுத்து வருகிறவர் ஓரமாக நடப்பார். அந்த ஓரமும் இறுகும். இரண்டடிப் பாதை பத்தடியாவது இப்படித்தான். வளைவைச் சுற்றாமல் நேராக இறங்கும் குறுக்குவழி இன்னும் மோசம், ஏனெனில் மனிதனுக்கு எது குறுக்குவழியோ அதுவே தண்ணீருக்கும் குறுக்குவழி.

மருந்து நம் கண்மாயிலேயே இருக்கிறது. மிகுநீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலுங்கு கட்டுகிறோம். பாதைக்கும் கலுங்கு வேண்டும். சரிவில் சில எட்டுகளுக்கு ஒரு வரிசைக் கல்லைப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்தால், ஓடிவரும் நீர் அதில் மோதிப் பக்கத்துப் புதருக்குள் இறங்கிவிடும். வேகம் பிடிக்குமுன் வெளியேற்றுவதுதான் சூட்சுமம். குறுக்குவழியின் வாயில் முள்ளை வெட்டிப் போட்டால் ஓரிரு மழைக்காலத்தில் புல் மூடிவிடும். ஆனால் கல்வரிசையில் நீர் வெளியேறும் வாய் சருகால் அடைபடும். ஆண்டுதோறும் புரட்டாசியில், பெருமழைக்கு முன்னால், ஒருவர் மண்வெட்டியோடு போய் வாயைத் திறந்துவிட வேண்டும். கல் பதிக்க நூறு பேர் வருவார்கள். வாய் திறக்க ஒருவர் கிடைப்பதுதான் கடினம். 'குடிமராமத்து' என்று கண்மாய்க்கு நாம் சொல்வது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரை நானூறு ஆண்டுப் பழமை உடையதாகச் சொல்லப்படுகிறது. அது காட்டுப்பாதை அன்று, பெரும்பாலும் சாலைதான். ஆனாலும் நடப்பவர் கூட்டத்துக்கு வழி யாருடைய பொறுப்பு என்ற கேள்வி அங்கும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆயினும் தண்ணீர்ப் பந்தலைத் தாண்டிய ஐம்பதடிக்குள் கோப்பைகள் கிடக்கின்றன. நடப்பவரைத் திட்டிப் பயனில்லை. தண்ணீர் தருகிறவரே கோப்பையைத் திரும்ப வாங்கும் தொலைவுக்குள் கூடை வைத்தால் முக்கால் பங்கு குறையும் என்பது, சில ஆண்டுகள் பந்தலில் நின்றவன் என்ற முறையில் என் கணிப்பு.

வெடி இல்லாத தீபாவளி

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38.4 எக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நத்தைக்கொத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா முதலியவை வந்து கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். தீபாவளியும் அதே பருவத்தில். அதனால் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊரார் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை.

செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் இதைத் தியாகமாக எழுதுகின்றன. தியாகம் உண்டு, பட்டாசு கேட்டு அழும் பிள்ளையைச் சமாளிப்பது லேசான காரியமன்று. ஆனால் கணக்கும் உண்டு. பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் கலந்த தண்ணீர் என்பதை அந்த விவசாயிகள் அறிவார்கள். விதி எளிது: வெடி கூடாது. மீறினால் அந்த நொடியே ஊருக்கே கேட்கும். காவல் செலவு இல்லை. பயனைப் பெறுகிறவரும் விதியைச் சுமக்கிறவரும் ஒரே ஊரார். இந்த மூன்றும் ஒருங்கே அமைந்ததால்தான் அது நிற்கிறது. பயன் ஓரிடத்திலும் சுமை வேறிடத்திலும் விழும் திட்டம், எத்தனை கோடி செலவழித்தாலும், ஒப்பந்தக் காலம் முடிந்த மறுநாள் காணாமல் போகும்.

சட்டத்தின் இடம்

ஊர் பார்த்துக்கொண்டால் அரசு எதற்கு என்று கேட்கலாம். ஊரால் தடுக்க முடியாத ஆளும் வருவான் என்பதுதான் விடை. வனத்துறையின் நேர் நிர்வாகத்தில் உள்ள காப்புக்காட்டில் ஊரார் தாமாக விதி செய்ய முடியாது. மலையேற்றத்துக்கும் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் அந்த ஒழுங்கு இறுகியது. வனத்துறையும் ஊரும் சேர்ந்து காட்டைப் பேணுவதற்கு 1990-இல் மத்திய அரசு வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 1997 முதல் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ் ஊர்தோறும் வனக்குழுக்கள் அமைந்தன.

காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள கோயில் காட்டுக்குப் பயன்படும் கருவி 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். ஒவ்வொரு ஊராட்சியும் 'பல்லுயிர் மேலாண்மைக் குழு' அமைத்து, தன் எல்லைக்குள் உள்ள செடி, உயிர், அவற்றைப் பற்றிய ஊர் அறிவு ஆகியவற்றை 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' என்ற ஏட்டில் எழுத வேண்டும். அதே சட்டத்தின்கீழ், உள்ளாட்சியோடு கலந்து, மாநில அரசு ஓரிடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். செட்டிநாட்டுக்கு மேற்கே, மேலூர்ப் பக்கம் உள்ள அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் தலமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 193.42 எக்டேர். 2025-இல் திண்டுக்கல் மாவட்டத்தில் அழகர்மலைக் காட்டை ஒட்டிய காசம்பட்டிக் கோயில் காடு இரண்டாவதாகச் சேர்ந்தது. அது ஐந்து எக்டேர்கூட இல்லை. சிறிய காட்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்பதற்கு அது சான்று.

அறிவிப்பு மட்டும் காக்காது என்பதற்கும் அரிட்டாபட்டியே சான்று. அத்தலத்தையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக 2024-இல் ஏலம் போனது. சுற்று ஊர் மக்கள் திரண்டு போராடிய பிறகே 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

சுருக்கமாக, ஊர் விதி அன்றாடக் கையாடலைத் தடுக்கிறது. சட்டம் வெளியிலிருந்து வரும் பெரிய கையைத் தடுக்க உதவுகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

குழுவில் யார் உட்காருவது

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். நன்கொடை தருபவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்தான் கல்வெட்டில் ஏறுகிறது, குழுவிலும் அவர்களே அமர்கிறார்கள். காட்டை நாள்தோறும் பார்ப்பவர்களோ ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்கும் பெண்கள், மண்குதிரை செய்து பூசையும் பார்க்கும் வேளார் குடும்பம். இவர்களைக் கேட்காமல் "ஆடு மேய்க்கத் தடை" என்று பலகை வைத்தால், அன்றுவரை திருட்டு வெட்டை ஊருக்குச் சொல்லிவந்த கண்கள் அன்றோடு மூடிக்கொள்ளும். பயன்படுத்துகிறவருக்கு விதி வகுப்பதில் பங்கு வேண்டும் என்று ஆஸ்ட்ரம் வலியுறுத்தியது இதனால்தான். காட்டில் மூன்றில் ஒரு பகுதியை முறைவைத்து மூடி, மற்றதில் மேய விடலாமா, சீமைக் கருவேலத்தை மட்டும் விறகுக்கு வெட்ட விடலாமா என்று பேசினால் இரு பக்கமும் இறங்கிவரும். சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு இரட்டிப்பாகத் துளிர்க்கும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

ஆகவே மரக்கன்று வாங்கும் முன் ஒரு மாலை நேரத்தைக் காட்டோரத்தில் கழிப்பது நல்லது. ஆடுகள் திரும்பும் வேளையில் மேய்ப்பவரோடு நடந்து, எந்த மூலையில் கன்றுகள் தாமாக எழுகின்றன, எந்த மூலையில் எழவில்லை, யார் எப்போது எதை எடுக்கிறார்கள் என்று கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்ளலாம். ஊராட்சியில் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கிறதா என்று மறுநாள் விசாரித்து, இருந்தால் இந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால், அந்த நோட்டையே முதல் ஏடாகக் கொடுத்துவிட்டு வரலாம்.